ஜிம் போறவங்களுக்கு எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஏறியிருந்தா ரிப்போர்ட்ட எப்படி பாக்கணும்

லிவர் டெஸ்ட் ரிப்போர்ட்ல எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரெண்டுக்கும் பக்கத்துல ஹைன்னு போட்டு வந்தா உடனே லிவர் போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க. முதல்ல ஒரு கேள்வி, ரத்தம் குடுக்குறதுக்கு முன்னாடி கடைசியா எப்போ வெயிட் தூக்குனீங்க?

ஏன் கேக்குறேன்னா இந்த ரெண்டு என்சைமும் லிவர்ல மட்டும் இல்ல, தசையிலயும் இருக்கு. எஸ்ஜிஓடி தசையில நிறையவே இருக்கு, எஸ்ஜிபிடி கொஞ்சம் கம்மி. ஹெவியா ஸ்குவாட், டெட்லிஃப்ட் போட்டா தசை நார்ல சின்னச் சின்ன கிழிசல் விழும், அதுல இருந்து இதெல்லாம் ரத்தத்துல கசியும், ஆனா லேப்ல இருக்குற மெஷினுக்கு அது லிவர்ல இருந்து வந்துச்சா தொடையில இருந்து வந்துச்சான்னு தெரியாது. 2008ல வந்த ஒரு ஆராய்ச்சியில வெயிட் தூக்கிப் பழக்கமில்லாத ஆரோக்கியமான ஆண்கள் 15 பேர ஒரு மணி நேரம் தூக்க வச்சு பாத்தாங்க, ஏறுன என்சைம் குறைஞ்சது ஏழு நாளைக்கு இறங்கல. அதே ஆளுங்களுக்கு லிவர் டெஸ்ட்ல வர்ற மத்த அளவுகளான ஜிஜிடி, பிலிருபின், ஆல்கலைன் பாஸ்படேஸ் மூணும் நார்மலாவே இருந்துச்சு.

நம்ம வேலைக்கு ஆகுற விஷயம் இதுதான். ஜிஜிடி தசையில இருந்து வராது. சிபிகேன்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு, கிரியேட்டின் கைனேஸ்னும் எழுதுவாங்க, அது பெரும்பாலும் தசையோட சமாச்சாரம். வழக்கமான லிவர் டெஸ்ட்ல சிபிகே வராது, நாமதான் டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கணும். கிரியேட்டினின்னு ரிப்போர்ட்ல இருக்குறது வேற, அது கிட்னிக்குப் பாக்குறது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

ரெண்டு ரிப்போர்ட் வச்சுப் பாப்போம். முதல் ஆளுக்கு எஸ்ஜிஓடி 96, எஸ்ஜிபிடி 58, ரெண்டும் ஹை, ஜிஜிடி 22, பிலிருபின் ரெண்டும் நார்மல், சிபிகே 1800, அது ரொம்ப ஹை, முந்தாநாள் லெக் டே. இது பாக்க அப்படியே தசைக் கணக்கு மாதிரி இருக்கு. ரெண்டாவது ஆளுக்கு எஸ்ஜிஓடி 45, எஸ்ஜிபிடி 88, ஜிஜிடி 75, அதுவும் ஹை, ஆனா சிபிகே 150, அது நார்மல். இவரும் ஜிம் போறவர்தான், ஆனா இவரு "நான் ஒர்க்அவுட் பண்றேன்ல, அதான்"னு சொல்லித் தப்பிக்க முடியாது, ஃபேட்டி லிவர், ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் பாத்தே ஆகணும். எஸ்ஜிஓடி கூட இருந்தாலே தசைதான்னும் நினைக்காதீங்க, குடிக்கிறவங்களுக்கும் அதுதான் கூட இருக்கும், ஆனா அங்க பெரும்பாலும் ஜிஜிடியும் சேந்து ஏறும். இன்னொன்னு, எஸ்ஜிஓடி ரத்தத்துல இருந்து சீக்கிரம் இறங்கிடும், எஸ்ஜிபிடி மெதுவாத்தான் இறங்கும், அதனால ஒர்க்அவுட் முடிஞ்சு சில நாள் கழிச்சு டெஸ்ட் எடுத்தா ரெண்டும் கிட்டத்தட்ட சமமாவோ எஸ்ஜிபிடி கூடவோ கூட இருக்கலாம். ஒரே ஒரு நம்பர வச்சு ஜோசியம் பாக்க வேணாம்.

சரி, என்ன பண்றது? உடம்புக்கு வேற தொந்தரவு இல்லாம, நார்மலோட மேல் அளவுக்கு ரெண்டு மூணு மடங்குக்குள்ளதான் ஏறியிருக்குன்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஒரு வாரம் பத்து நாள் வெயிட்ட தொடாம இருங்க. நடக்கலாம், கார்டியோன்னு ஓடிக் குதிக்க வேணாம். அந்த நாள்ல குடியும் வேணாம். தசையில ஊசி போட்டிருந்தா சொல்லிடுங்க, அதுவும் சிபிகேய ஏத்தும். அப்புறம் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ஜிஜிடி, பிலிருபின், சிபிகே எல்லாத்தையும் ஒரே ரத்தத்துல எடுங்க. இறங்கிட்டா நிம்மதி. சிபிகே இறங்கியும் எஸ்ஜிபிடி அங்கயே நின்னா அது லிவர் பக்கம், தள்ளிப் போடாதீங்க. லிவர் நார்மலா இருந்து சிபிகே மட்டும் ரெஸ்ட்லயும் இறங்கலன்னா தைராய்டு, கொலஸ்ட்ராலுக்குப் போடுற ஸ்டாட்டின் மாத்திரை, தசை நோய்னு டாக்டர் வேற பக்கம் தேடுவாரு.

என்னென்ன சாப்பிடுறீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க, டப்பாவையே கொண்டு போய் காட்டுங்க. கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் இருக்குற ஃபேட் பர்னர், அஸ்வகந்தா, மஞ்சள் கேப்ஸ்யூல்னு இயற்கைன்னு விக்கிறதுலயே லிவர் அடிவாங்குன கேஸ் இருக்கு. வாய் வழியா எடுக்குற ஸ்டீராய்டு, அதான் டையனபால், வின்ஸ்ட்ரால் வகையறா, லிவருக்கு நேரடியா ஆகாது, ஜிம்ல யாரு குடுத்தாங்கன்னு சொல்ல வேணாம், எடுத்தீங்களான்னு மட்டும் உண்மைய சொல்லுங்க. என்சைம இறக்கணும்னு லிவர் டீடாக்ஸ் பவுடர் வாங்குறது எனக்குத் தெரிஞ்சு காசுக்குப் புடிச்ச கேடு, காரணம் தெரியாம இன்னொரு மருந்த உள்ள தள்ளுனா அடுத்த ரிப்போர்ட்டும் குழம்பும்.

ஒரு வாரம்லாம் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. கண்ணு மஞ்சளாகுது, உடம்பெல்லாம் அரிக்குது, வாந்தி நிக்கல, வயித்துல வலது மேல்பக்கம் வலின்னா அன்னைக்கே டாக்டர பாருங்க. ஒர்க்அவுட்டுக்கு அப்புறம் தசை கல்லு மாதிரி வீங்கி, மூத்திரம் கோலா கலர்ல போச்சுன்னா அது ராப்டோமயோலிசிஸா, அதாவது தசை உடைஞ்சு ரத்தத்துல கலக்குறதா இருக்கலாம், கிட்னிய காலி பண்ணிடும், தண்ணி குடிச்சுப் பாப்போம்னு வீட்டுல உக்காராம நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.