பின்னச் சமன்பாடா? முதலில் பகுதியைக் காலி செய்யுங்கள்

பின்னங்கள் உள்ள சமன்பாட்டைக் கண்டதும் கூட்டத் தொடங்காதீர்கள்; பகுதி எண்களின் (பின்னத்தில் கீழே உள்ள எண்களின்) மீச்சிறு பொது மடங்கால் எல்லா உறுப்புகளையும் பெருக்கிவிடுங்கள்.

பாம்பனில் ஒரு நாட்டுப்படகு மீன் விற்ற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு படகுக்கு, நான்கில் ஒரு பங்கு டீசலுக்கும் ஐஸுக்கும், மீதி 2,500 ரூபாய் ஆட்களுக்கு என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பணம் ப.

ப/3 + ப/4 + 2500 = ப

3, 4 இவற்றின் மீச்சிறு பொது மடங்கான 12ஆல் பெருக்கினால் 4ப + 3ப + 30000 = 12ப. அப்புறம் 5ப = 30000, ப = 6,000 ரூபாய்.

இருபுறமும் ஒரே எண்ணால் பெருக்குவதால் சமம் கெடுவதில்லை. 3, 4 இரண்டும் 12ஐ மீதியில்லாமல் வகுப்பதால் பின்னம் மறைகிறது. 2500ஐயும் பெருக்க வேண்டும், பிள்ளைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் அங்கேதான்.

சமக்குறி இல்லாத கோவைக்கு இது ஆகாது. ‘ப/3 + ப/4 ஐச் சுருக்குக’ என்ற கேள்வியில் 12ஆல் பெருக்கினால் மதிப்பே மாறிவிடும்.