பால் பத்தவில்லை என்று முடிவு செய்வதற்கு முன்: குழந்தையின் வளர்ச்சிப் பாய்ச்சல் நாட்களைக் கடப்பது எப்படி?

நேற்றுவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் குடித்துவிட்டு அமைதியாகத் தூங்கிய ஆறு வாரக் குழந்தை, இன்று மாலையிலிருந்து மார்பை விட்டு எடுத்தாலே அழுகிறது. சிறிது நேரம் குடித்துக் கண்ணயர்கிறது, தூளியில் போட்டதும் விழித்துக்கொண்டு மறுபடியும் பாலுக்குத் தலையைத் திருப்புகிறது. வீட்டுப் பெரியவர்களில் ஒருவர் பால் பத்தவில்லை என்கிறார். இன்னொருவர் தூக்கும்போது கழுத்தோ தோளோ பிசகி உரம் விழுந்திருக்கும் என்கிறார். இரவு பத்து மணிக்கு மருந்துக் கடையிலிருந்து பால்பவுடர் டப்பா வந்து சேர்கிறது. தாய்ப்பால் பாதியிலேயே நின்றுபோன பல வீடுகளின் கதை இப்படி ஒரு மாலையில்தான் தொடங்கியிருக்கிறது. என் மூத்த பிள்ளைக்கும் அப்படித்தான் நேர்ந்தது. இரண்டாவது பிள்ளையின்போது அந்த நாட்களின் காரணம் எனக்குத் தெரிந்திருந்ததால் அதே அழுகையை வேறுவிதமாகக் கடக்க முடிந்தது. அந்த வேறுபாட்டை இப்போது குழந்தை வளர்ப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குழந்தை நாளுக்கு நாள் ஒரே சீராக வளர்வதில்லை. அமெரிக்க ஆய்வாளர் மிஷெல் லாம்ப்லும் அவருடைய குழுவினரும் 31 குழந்தைகளின் நீளத்தை அடிக்கடி அளந்து 1992இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகள் பல நாட்கள் சற்றும் நீளாமல் இருந்துவிட்டுப் பிறகு ஒரே மூச்சில் அரை சென்டிமீட்டர் முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை நீள்வதைக் காட்டியது. இரு பாய்ச்சல்களுக்கு இடையில் 2 நாட்கள் முதல் 63 நாட்கள் வரை இடைவெளி இருந்தது. இத்தகைய திடீர் வளர்ச்சியைத்தான் வளர்ச்சிப் பாய்ச்சல் என்கிறோம். பிறந்த இரண்டு மூன்று வாரங்களிலும், ஆறாவது வாரத்தையொட்டியும், மூன்றாவது, ஆறாவது மாதங்களிலும் பசி மிகுந்த நாட்கள் வருவதாகப் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இதை நாட்காட்டியில் குறித்து வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை, உங்கள் குழந்தை அந்தக் கணக்கைப் பார்த்து வளரப் போவதில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில், மிஞ்சினால் ஒரு வாரத்தில் அது அடங்கிவிடும்.

அந்த நாட்களில் செய்ய வேண்டிய முதன்மையான காரியம், குழந்தை கேட்கும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்க்காமல் பால் கொடுப்பதுதான். மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அந்த அளவுக்கே புதிதாகப் பால் சுரக்கும். பால் தேங்கி நின்றால் சுரப்பைக் குறைக்கும்படி உடலுக்குச் செய்தி போகும். ஆகவே குழந்தை அடிக்கடி சப்புவது, நாளை எனக்கு இன்னும் அதிகமாக வேண்டும் என்று அது முன்கூட்டியே கேட்டு வைப்பதற்கு ஒப்பாகும். அந்த நேரத்தில் புட்டிப்பால் கொடுத்தால் குழந்தை வயிறு நிறைந்து நெடுநேரம் தூங்கும், மார்பில் பால் தேங்கும், சுரப்பு குறையும். அடுத்த நாள் பால் உண்மையாகவே பத்தாமல் போகும். பால் பத்தவில்லை என்ற தவறான முடிவு, இரண்டே நாளில் தன்னை உண்மையாக்கிக்கொள்ளும் வழி இதுதான். ஒரு பக்கத்தைக் குழந்தை தானாக விட்டபின் மறுபக்கம் மாற்றுங்கள். இரவுப் பாலை நிறுத்தாதீர்கள், ஏனென்றால் பால் சுரக்க உதவும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகமாக இருக்கும்.

இந்தக் கட்டத்தில் தாயைக் குழப்பும் இன்னொரு விஷயமும் உண்டு. முதல் சில வாரங்களில் கனத்துக் கட்டிக்கொண்டிருந்த மார்பு, ஆறாவது வாரத்தையொட்டி இளகி மென்மையாகிவிடும். சுரப்பு குழந்தையின் தேவைக்கு ஏற்றபடி ஒழுங்குக்கு வந்துவிட்டது என்பதே அதன் பொருள். பால் வற்றிவிட்டது என்பதல்ல. பிழிந்து பார்த்தால் கொஞ்சமாக வருகிறதே என்பதும் அளவுகோல் ஆகாது, ஏனென்றால் குழந்தை சப்பி எடுக்கும் அளவுக்குக் கையோ பம்போ எடுப்பதில்லை.

பால் பத்துகிறதா என்பதைக் குழந்தையின் அழுகையைக் கொண்டு அல்லாமல், அதன் சிறுநீரையும் எடையையும் கொண்டு முடிவு செய்யுங்கள். முதல் வாரம் கழிந்த குழந்தை ஒரு நாளில் ஆறு முறையாவது வெளிர்நிறமாகச் சிறுநீர் கழித்தால் போதிய பால் கிடைக்கிறது என்று நம்பலாம். டயப்பரில் இந்தக் கணக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் ஒரு நாள் மட்டும் பழைய வேட்டித் துணியைக் கட்டி எண்ணிப் பாருங்கள். எடையைப் பொறுத்தவரை முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் கூடும். இதற்காக வீட்டில் தராசு வாங்கி நாள்தோறும் நிறுப்பது கவலையைத்தான் கூட்டும். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரே தராசில் நிறுத்து, தாய் சேய் அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தால் போதும். அந்தக் கோடு மேல்நோக்கித் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தால், பக்கத்து வீட்டுக் குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறதே என்பதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கும் இந்த நாட்கள் வரும். வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டால் கொடுங்கள். ஆனால் பசி தாங்கட்டும் என்று பவுடரைக் கூடுதலாகப் போட்டுக் கெட்டியாகக் கரைக்காதீர்கள், டப்பாவில் உள்ள அளவே சரியான அளவு.

கொடுக்கக் கூடாதவற்றை அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் நிறைவதற்கு முன் சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, உரைமருந்து, கிரைப் வாட்டர், வெறும் தண்ணீர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை ஆகவே ஆகாது, அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் நரம்புகளைச் செயலிழக்கச் செய்துவிடும். உரம் எடுப்பதாகச் சொல்லிக் குழந்தையைப் புடவையில் போட்டு உருட்டுவதும் தலைகீழாகப் பிடிப்பதும் அதன் கழுத்துக்கும் மூளைக்கும் ஆபத்து. பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். அவர்களிடம் வாதாடுவதைவிட, டாக்டர் மூன்று நாள் பார்க்கச் சொன்னார் என்று பணிவாகச் சொல்லிவிடுவது எளிது.

தாயின் நிலைமையையும் பேசாமல் விட முடியாது. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைத்து, காயையும் பழத்தையும் விலக்கி வைக்கும் வழக்கம் இந்தத் தேவைக்கு நேர் எதிரானது. பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் சுறாப்புட்டும் சத்தான உணவுகள், தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பாலைச் சுரக்க வைப்பது குழந்தையின் வாய்தான். இந்த மூன்று நாட்களுக்குச் சமையல், துணி துவைத்தல், மூத்த குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புதல் ஆகியவை எவையும் தாயின் பொறுப்பில் இருக்கக் கூடாது. பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அப்பா செய்யலாம்: தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பதும், ஈரத்துணி மாற்றுவதும், நள்ளிரவில் தாய்க்கு ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து வைப்பதும் அவருடைய வேலைகள். களைப்பினால் சோபாவிலோ நாற்காலியிலோ குழந்தையை அணைத்தபடி உறங்கிவிடுவது மிக ஆபத்தானது என்பதால், கண் செருகும்போது குழந்தையை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். தூங்கும் குழந்தையை எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

சில குழந்தைகள் பசிக்கு மாறாகத் தூக்கத்தைக் கூட்டிக்கொள்ளும். லாம்ப்ல் 2011இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், 23 குழந்தைகளின் தூக்கக் குறிப்புகளைப் பார்த்தபோது, தூக்கம் கூடிய நாட்களை அடுத்த 48 மணி நேரத்துக்குள் நீளம் கூடும் போக்கு தெரிந்தது. குழந்தை தூங்கத் தூங்க வளரும் என்று பாட்டிமார் சொல்வதில் பொருள் இல்லாமல் இல்லை. நன்றாகப் பால் குடித்து, சிறுநீர் கழித்து, விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக இருந்தால் அந்தத் தூக்கத்தைக் கலைக்க வேண்டாம்.

ஆனால் எல்லா அழுகையையும் வளர்ச்சியின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. வளர்ச்சிப் பாய்ச்சலில் குழந்தை அதிகமாகப் பால் கேட்கும்; பாலையே மறுக்கும் குழந்தைக்கு வேறு ஏதோ தொல்லை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் அடித்தாலும், பாலுக்கு எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், மூச்சு வாங்கினாலும், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு வயதுக்குப் பிறகு கதை தலைகீழாக மாறும். முதல் ஆண்டில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீண்ட குழந்தை இரண்டாம் ஆண்டில் 12 சென்டிமீட்டர் அளவிலும், நான்கு வயதுக்கு மேல் ஆண்டுக்கு 5 அல்லது 6 சென்டிமீட்டரும்தான் வளரும் என்பதால், பசியும் அதற்கேற்பக் குறையும். சாப்பிடவே மாட்டேன் என்கிறான் என்ற புலம்பல் வீடுதோறும் எழும் காலம் அது. தட்டை எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடாமல், ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் அடுத்த வேளை சாப்பிடுவான் என்று விட்டுவிடுங்கள்.

மூன்று முதல் பன்னிரண்டு வயதுவரை சில பிள்ளைகள் இரவில் கெண்டைக்காலிலும் தொடையிலும் முட்டிக்குப் பின்னாலும் வலிக்கிறது என்று அழுவார்கள். இதை வளர்ச்சி வலி என்று சொல்லுவது வழக்கம் என்றாலும், எலும்பு நீள்வதால்தான் இது வருகிறது என்பதற்குச் சான்று இல்லை. இரண்டு காலும் வலிக்கும், காலையில் சுவடே இல்லாமல் ஓடியாடுவார்கள் என்பதே இதன் அடையாளம். கைச்சூடு படும்படி மெதுவாகப் பிடித்துவிடுவதும், வெந்நீர் ஒத்தடமும், பக்கத்தில் படுத்துக்கொள்வதும் பெரும்பாலும் போதும். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஒரே காலில் தொடர்ந்து வலித்தாலும், காலையிலும் வலி நீடித்தாலும், மூட்டு வீங்கினாலும், நொண்டினாலும், காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்ந்துகொண்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசிப் பெரும் பாய்ச்சல் பருவ வயதில் வருகிறது. இதில் பெண் குழந்தைகளின் கணக்கை நம் வீடுகள் பெரும்பாலும் தவறவிடுகின்றன. பெண்பிள்ளை பூப்பெய்தியதும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் கொடுத்து உடம்பைத் தேற்றுகிறோம். நல்ல வழக்கம்தான், ஆனால் அவள் மிக வேகமாக உயர்ந்த காலம் அதற்கு முன்பே முடிந்துபோயிருக்கும். பூப்பெய்தியபின் பொதுவாக ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் அளவுக்கே உயரம் கூடும். ஆகவே அந்த முட்டையும் உளுந்தும் பயறும் கீரையும் ஒன்பது, பத்து வயதிலேயே தட்டுக்கு வந்துவிட வேண்டும். பையன்களுக்கு இந்த வேகம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தாமதமாக, 13, 14 வயதில் உச்சத்தைத் தொடும். அண்ணன் வளர்கிறான் என்று அவனுக்கு அள்ளிவைக்கும் வீட்டில், தங்கை அதற்கு முன்பே அதே பசியோடு இருந்திருப்பாள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை, வயிறு காலியாக இல்லாதபோது விழுங்கப் பழக்குங்கள். இந்த வயதில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கமும் தேவை, ஏனென்றால் வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில்தான் மிகுதியாகச் சுரக்கிறது. பெண்ணுக்கு எட்டு வயதுக்கு முன்பும் பையனுக்கு ஒன்பது வயதுக்கு முன்பும் பருவ மாற்றங்கள் தோன்றினால் மருத்துவரைப் பாருங்கள்.

உயரத்தை வீட்டிலேயே அளக்கலாம். காலணி இல்லாமல், குதிகாலும் முதுகும் சுவரைத் தொடும்படி நிற்கவைத்து, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் கோடு போடுங்கள். மாலைக்குள் உயரம் சற்றுக் குறைந்துவிடும் என்பதால் எப்போதும் காலையிலேயே அளப்பது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். நான்கு வயதிலிருந்து பருவ வயதுவரை ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைவாகவே கூடிக்கொண்டிருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சுவரில் போடும் கோட்டைத் தேதியோடு ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். வீடு மாறினாலும் சுவருக்கு வெள்ளையடித்தாலும் அந்தக் கணக்கு கையில் இருக்கும், மருத்துவரும் அதைத்தான் கேட்பார்.