வீடியோ கேம் வரிச்சலுகை: ரீயூனியனில் நாம் செய்யும் தவறுகள்

ரீயூனியனில் கேம் ஸ்டூடியோ தொடங்க நினைக்கும் நம் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "முப்பது சதவீதம் நிஜமாகவே திரும்பி வருமா அண்ணா?" வரும். இந்தத் தீவு பிரான்சின் ஒரு மாவட்டம். அதனால் பிரான்ஸ் 2007-ல் கொண்டுவந்த வீடியோ கேம் வரிச்சலுகை இங்கேயும் அப்படியே செல்லும். கேம் உருவாக்க ஆகும் தகுதியான செலவில் 30 சதவீதத்தை நிறுவன வரியில் கழித்துக்கொள்ளலாம். வரி அதைவிடக் குறைவாக இருந்தால் மீதியை அரசு கையில் கொடுத்துவிடும். ஒரு நிறுவனத்துக்கு ஆண்டு உச்சவரம்பு 60 லட்சம் யூரோ. நம்மில் யாருக்கும் அந்த உச்சவரம்பு இடிக்கப்போவதில்லை. இடிப்பது வேறு இடங்களில்.

முதலில் தேதி. சலுகை வேண்டுமென்றால் பாரிஸில் உள்ள தேசிய சினிமா மையத்திடம், அதாவது இங்கே எல்லோரும் சேஎன்சே என்கிறார்களே அதனிடம், தற்காலிக ஒப்புதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஆகும் செலவுதான் கணக்கில் வரும். அதற்கு முந்தைய நாள் கொடுத்த சம்பளம்கூட வராது. எனக்குத் தெரிந்த ஒரு சிறிய குழு, "முதலில் ஒரு நல்ல மாதிரியைச் செய்துவிடுவோம், அப்புறம் காகிதம் பார்ப்போம்" என்று ஐந்து மாதம் ஓட்டியது. மூன்று பேருக்குச் சமூகக் காப்பீட்டுப் பங்கோடு சேர்த்து மாதம் 12,000 யூரோ. ஐந்து மாதத்துக்கு 60,000. அதில் வந்திருக்க வேண்டிய 18,000 யூரோ வரவே இல்லை. ஒரு ஆளின் நான்கரை மாதச் சம்பளம் அது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அவர்கள் செய்த வேலை அவ்வளவு நன்றாக இருந்தது.

அடுத்தது நம்மவர்களுக்கே உரிய தவறு. படம் வரைய, அனிமேஷன் செய்ய, சென்னையிலோ புதுச்சேரியிலோ தெரிந்த பையன்கள் இருப்பார்கள். திறமைசாலிகள், செலவும் குறைவு. மொரீஷியஸில் சோதனை வேலையை முடித்துத் தர ஆள் இருக்கும், விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். ஆனால் சட்டம் சொல்வது என்னவென்றால், பிரான்சிலோ மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலோ ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளிலோ நடக்கும் வேலைக்கான செலவுக்குத்தான் சலுகை. சென்னைக்கும் மொரீஷியஸுக்கும் அனுப்பிய பணத்துக்கு ஒரு சென்ட்டும் கிடைக்காது. போதாததற்கு, கேமை உருவாக்குவோரில் பெரும்பாலானவர்கள் பிரெஞ்சு அல்லது ஐரோப்பியக் குடிமக்களாகவோ பிரான்சில் வசிப்பவர்களாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வெளியாட்களிடம் நிறைய வேலையைத் தள்ளிவிட்டால் விண்ணப்பமே ஆட்டம் கண்டுவிடும். சென்னைக்காரரை வேலைக்கு எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவருக்கான செலவில் 30 சதவீதம் திரும்பி வரும் என்று பட்ஜெட் போடாதீர்கள்.

கம்பெனி இல்லாமல் தனி ஆளாக, அதாவது மிக்ரோ-ஆந்த்ரப்ரனர் என்ற சிறு சுயதொழிலாளராகப் பதிவு செய்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. நிறுவன வரி கட்டும் கம்பெனியாக இருக்க வேண்டும். கேமின் உருவாக்கச் செலவு குறைந்தது 1,00,000 யூரோ இருக்க வேண்டும், அது பொதுமக்களுக்கு விற்பனைக்கு வரப்போகும் கேமாகவும் இருக்க வேண்டும். ஆபாசக் காட்சிகளோ மிகக் கொடூரமான வன்முறையோ உள்ள கேம்களுக்குக் கதவு மூடியே இருக்கும்.

மானியத்தைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்களும் உண்டு. அதே கேமுக்குத் திருப்பித் தர வேண்டாத அரசு மானியம் கிடைத்தால், அந்தத் தொகையைக் கழித்த பிறகுதான் 30 சதவீதம். செலவு 1,50,000, மானியம் 40,000 என்றால் சலுகை 45,000 இல்லை, 33,000.

இப்போது கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். பிரான்சில் ஆராய்ச்சிக்கென்று வேறொரு வரிச்சலுகை இருக்கிறது. பெருநிலப் பிரான்சில் அதன் விகிதம் 30 சதவீதம், ரீயூனியன் போன்ற கடல்கடந்த மாவட்டங்களில் செய்யும் ஆராய்ச்சிக்கு 50 சதவீதம். இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, "நமக்குக் கேம் சலுகையே ஐம்பது" என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. கேம் சலுகை இங்கேயும் முப்பதுதான். வேறு சிலர் ஒரே புரோகிராமரின் சம்பளத்தை இரண்டு சலுகையிலும் காட்டிவிடுகிறார்கள். ஒரே செலவை இரண்டு வரிச்சலுகையில் காட்டக் கூடாது என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது.

ஆனால் பிரித்துக் காட்டலாம். பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலைக் குழம்பு ஓடுவதைச் சாதாரணக் கைப்பேசியில் நிகழ்நேரத்தில் காட்ட ஒரு புதிய கணக்கீட்டு முறையைத் தேடுகிறீர்கள், இதுவரை உள்ள வழிகள் எதுவும் போதவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலை ஆராய்ச்சியில் சேர வாய்ப்பு உண்டு. அதே எரிமலைக்கு வண்ணம் தீட்டுவது சேராது, அது கேம் சலுகைக்கு உரியது. இரண்டையும் பிரிக்க, யார் எந்த நாளில் எதைச் செய்தார் என்ற நேரக் குறிப்பு வேண்டும். ஆண்டு முடிவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதும் குறிப்பு தணிக்கையில் நிற்காது. வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒதுக்கி எழுதிவிடுங்கள்.

விண்ணப்பத்தில் கேமைப் பற்றி எழுதும் பகுதியையும் ஏனோதானோ என்று விட்டுவிடுகிறார்கள். தரம், சுயத்தன்மை, பண்பாட்டுப் பன்மை ஆகியவற்றைப் பார்த்துத்தான் ஒப்புதல் தருகிறார்கள். இங்கே சேன்-தாந்த்ரே ஊர்க் கோயில்களில் தீ மிதிப்பதைப் பார்த்து வளர்ந்த ஒருவர், விடிய விடிய மகாபாரதம் பாடி ஆடும் 'பால் தமூல்' என்ற கூத்தைக் கேமாக்குகிறார் என்றால், அதை இரண்டு வரியில் 'சாகச விளையாட்டு' என்று முடிக்கலாமா? கதை எங்கிருந்து வந்தது, தாளம் யாருடையது, தீவில் அது எப்படி மாறியது என்று விரிவாக எழுதுங்கள். பாரிஸில் படிப்பவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது.

கடைசியாக, தற்காலிக ஒப்புதல் வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அந்த நாளிலிருந்து 36 மாதத்துக்குள் இறுதி ஒப்புதல் பெற வேண்டும். ஒரு கோடி யூரோவுக்கு மேற்பட்ட பெரிய கேம்களுக்குத்தான் கூடுதல் காலம். தவறினால், அதுவரை வாங்கிய சலுகை முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பணம் எப்போதோ சம்பளமாகக் கரைந்திருக்கும். அதனால் முப்பதாவது மாதத்தில் நாட்காட்டியில் ஒரு சிவப்புக் குறி போட்டு, இறுதி விண்ணப்பத்தை அப்போதே தயார்செய்யத் தொடங்குங்கள்.