அக்குளில் நெறி எடுத்தவர்கள் இன்ச் டேப்பால் கையைக் கவனிப்பது எப்படி

பினாங்கு ஆயர் ஈத்தாமில் 30 வருடமாக ரவிக்கை தைக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்காக என் இடது அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தார்கள். மறு வருடத் தைப்பூசத்துக்கு எனக்கே தைத்த ரவிக்கையில் இடது கை மட்டும் ஏறவில்லை. தையலில் பிசகில்லை, கைதான் தடித்திருந்தது.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்போமே, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து உடம்பில் தங்கும் நீரை நிணநீர்க் குழாய்கள் கணுக்கள் வழியாக வடிகட்டி, காறை எலும்பருகே மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன. அதைத் தள்ள இதயம் போல் ஒன்று கிடையாது. குழாய் தானே சுருங்குவதும், தசை அசைவும், மூச்சும்தான் தள்ளுகின்றன. கணுக்களை எடுத்தால் நீர் தேங்கலாம். இதுதான் லிம்ஃபிடீமா.

முடிந்தால் அறுவைக்கு முன்பே இரண்டு கைகளையும் அளந்து எழுதி வையுங்கள். முழங்கை மடிப்பிலிருந்து மேலே 10 செ.மீ, கீழே 10 செ.மீ, மணிக்கட்டு என மூன்று இடம். மாதம் ஒரு முறை, காலையில், அதே இடத்தில். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. புழங்கும் கை இயல்பிலேயே கொஞ்சம் பருத்திருக்கும், அதனால் பழைய அளவோடுதான் ஒப்பிட வேண்டும். 2 செ.மீ கூடினால் காத்திருக்காதீர்கள். கை கனத்தாலோ வளையல் இறுகினாலோ, டேப் எதுவும் காட்டாவிட்டாலும் போய்க் காட்டுங்கள்.

நான் முதலில் போனது உருவிவிடும் ஒரு அம்மாவிடம். அழுத்தி உருவியதில் கை இன்னும் வீங்கியது. பிறகு பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தந்தது வேறு: தோல் மட்டும் நகரும் அளவு மெல்லத் தடவ வேண்டும், அதுவும் கழுத்து, மார்பு, மேல்கை என்ற வரிசையில். பினாங்குப் பாலத்தில் நெரிசலென்றால் முன்னால் நிற்கிற கார் நகர்ந்தால்தானே பின்னால் இருப்பது நகரும்? உங்களுக்கான வரிசையை நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

வீக்கத்தை அடக்கக் கையில் இறுக்கமாக மாட்டும் உறையான கம்ப்ரெஷன் ஸ்லீவையும் அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். இறுக்கம் தப்பினால் வீக்கம் விரலுக்கு இறங்கும்.

ஊசி குத்து, கொசுக்கடி, எண்ணெய்ச் சூடு எதையும் சின்னதென்று விடாதீர்கள். நான் விரலுறை இல்லாமல் ஊசி எடுப்பதில்லை. கை சிவந்து, சுட்டு, குளிர்காய்ச்சல் வந்தால் அது தொற்று. தடவாதீர்கள், ஸ்லீவைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், இரவானாலும்.