எவர்கிளேட்ஸ் ஸ்டாம்ப்: எப்படி வாங்குவது, எப்படிக் கழற்றுவது, எப்படி வைத்துக்கொள்வது

அமெரிக்காவில் புளோரிடாவின் தெற்குக் கோடியில் இருக்கிற எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்துக்காக ஆல்பத்தில் ஒரு பக்கம் ஒதுக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு வாங்கினால் போதும். ஒன்று 1947இல் வந்த 3 சென்ட் ஸ்டாம்ப், இன்னொன்று 2006இல் வந்த பத்து ஸ்டாம்ப் கொண்ட தாள். ஆனால் இரண்டின் பசையும் வேறு வேறு, ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்தால் போச்சு.

பழையதை 1947 டிசம்பர் 5 அன்று புளோரிடா சிட்டி என்ற ஊரில் வெளியிட்டார்கள். மறுநாள் அதிபர் ட்ரூமன் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவைத் திறந்து வைத்தார். பச்சை ஒரே நிறம், புளோரிடா வரைபடம், கூடவே ஒரு வெண்ணாரை. தொப்பியில் செருகும் இறகுக்காக அந்தச் சதுப்பின் வெள்ளைக் கொக்குகளைக் கூடு கட்டும் பருவத்திலேயே கூட்டம் கூட்டமாகச் சுட்டுத் தள்ளிய காலம் ஒன்று இருந்தது, அதைத் தடுக்கப் போன காவலர் கை பிராட்லி 1905இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அது தெரிந்த பிறகு அந்தப் பறவையை என்னால் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியவில்லை.

அன்றைக்கு 3 சென்ட் என்பது சாதாரணக் கடிதத்துக்கான கட்டணம், அதனால் கோடிக்கணக்கில் அச்சிட்டார்கள். யாராவது 'அரியது' என்று சொல்லி விலை ஏற்றினால் வாங்காதீர்கள். படம் நடுவில் இருக்கிறதா, ஓரத்துப் பல் எதுவும் உடைந்திருக்கிறதா, பயன்படுத்தாதது என்றால் பின்பக்கம் பசை முழுசாக இருக்கிறதா, ஹிஞ்ச் (ஆல்பத்தில் ஒட்ட உதவும் சின்னப் பசைக் காகிதம்) ஒட்டிய தடம் தெரிகிறதா என்று பாருங்கள். முதல் நாள் உறை, அதாவது வெளியீட்டு நாளிலேயே ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்திய உறை என்றால், முத்திரையில் ஊரும் தேதியும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

உறையில் ஒட்டிய 1947 ஸ்டாம்ப்பைக் கழற்ற, சுற்றிலும் கொஞ்சம் காகிதம் விட்டு வெட்டி, படம் மேலே இருக்கும்படி சாதாரணத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். அரை மணி நேரத்துக்குள் தானாகவே நழுவும், வராவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள், இழுக்க வேண்டாம். கலர் உறை என்றால் சாயம் இறங்கும், தனிக் கிண்ணம் வையுங்கள். பிறகு பின்பக்கத்தை ஒருமுறை அலசி, வெள்ளைத் தாளில் கவிழ்த்து உலர்த்தி, கனமான புத்தகத்துக்குள் ஒரு ராத்திரி வைத்தால் சுருளாது.

2006 தாளுக்குத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்! அது தானே ஒட்டிக்கொள்ளும் வகை, அந்தக் காலத்து அமெரிக்கப் பசை தண்ணீரில் கரையாது. இதை அறியாமல் ஊறவைத்து நான் நத்தைப் பருந்து என்ற பறவை இருக்கிற ஸ்டாம்ப் ஒன்றை இழந்தேன், காகிதம் இரண்டாகப் பிரிந்து வந்தது. உறையில் கிடைத்தால் அரை சென்டிமீட்டர் காகிதம் விட்டு வெட்டி அப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லது. பிரித்தே ஆக வேண்டும் என்றால் ஆரஞ்சுத்தோல் எண்ணெய் கலந்த கரைப்பானைப் பின்பக்கக் காகிதத்தில் தெளித்து, ஊறியதும் மெதுவாக உரித்து, பிசுபிசுப்பு போக டால்கம் பவுடர் தடவுங்கள்.

புதிய தாளாகக் கிடைத்தால் ஒரு ஸ்டாம்ப்பைக்கூடப் பிரிக்காதீர்கள், ஏனென்றால் ஜான் டாசன் அதை ஒரே பெரிய ஓவியமாக வரைந்திருக்கிறார், பத்து ஸ்டாம்ப்பும் அதற்குள் ஆங்காங்கே இருக்கின்றன. அலிகேட்டரையும் முதலையையும் தேடிப் பாருங்கள். அகன்ற மழுங்கிய வாய் அலிகேட்டர், ஒடுங்கிய வாய் முதலை, இரண்டும் காட்டில் ஒன்றாக வாழும் இடம் உலகத்திலேயே தெற்குப் புளோரிடா மட்டும்தான். அதில் இருக்கிற மர நாரை, வேடந்தாங்கலுக்கு வரும் மஞ்சள் மூக்கு நாரையின் பேரினத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தபோது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம், வைக்கிற விதம். பிவிசி பிளாஸ்டிக் உறை கூடாது, நாளடைவில் நிறத்தைக் கெடுக்கும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். லேமினேட் செய்யவே கூடாது. நம் ஊர் மழைக்காலத்தில் 1947 ஸ்டாம்ப்பின் பசை இளகிப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, இறுக்கி அடுக்காமல் வையுங்கள், ஈரம் இல்லாத நாளில் திறந்து கொஞ்சம் காற்றாட விடுங்கள். 2006 தாளை இரண்டு பக்கமும் தெரிகிற உறையில் போடுங்கள், எந்த உயிரினம் எது என்ற விவரம் பின்பக்கத்தில்தான் அச்சாகியிருக்கிறது.