மலைக் குழந்தைகளுடன் சென்னையில் மூன்று நாட்கள்

கோத்தகிரியிலும் குன்னூரிலும் வளரும் நான்கைந்து வயதுக் குழந்தையை முதன்முறையாகச் சென்னைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், பார்க்க வேண்டிய இடங்களின் நீண்ட பட்டியலோடுதான் பெரும்பாலும் புறப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் புறப்பட்டேன். சென்ட்ரல் நிலையத்துக்கு வெளியே வந்ததும் என் மகள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த ஊர்ல மேடே இல்லையா?" என்று கேட்டாள். அடுத்த இரண்டு நாட்களும் பட்டியலில் இருந்த இடங்களைவிட லிஃப்டும் நகரும் படிக்கட்டும் சமதரையுமே அவளுக்கு வேடிக்கையாக இருந்தன. ஆகவே ஒரு நாளைக்கு ஓரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்குப் போகும் வழியே குழந்தைக்குப் பாதிச் சுற்றுலா.

பள்ளி விடுமுறை என்பதற்காக ஏப்ரல், மே மாதங்களில் இறங்காதீர்கள். சென்னைக்காரர்கள் வெயில் தாங்காமல் நம் ஊருக்கு ஏறி வரும் நேரத்தில் நாம் அவர்கள் ஊருக்கு இறங்குவதில் அர்த்தமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால், ஜனவரியும் பிப்ரவரியுமே ஏற்றவை. பொங்கல் விடுமுறையில் போனால் காணும் பொங்கலன்று மட்டும் மெரினா பக்கம் போக வேண்டாம். கூட்டத்தில் தொலைந்துபோகும் பிள்ளைகளை அடையாளம் காண்பதற்காக அன்று காவல்துறையினரே குழந்தைகளின் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள் என்றால், கூட்டம் எப்படியிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மேட்டுப்பாளையத்தில் இரவு புறப்பட்டு விடியற்காலையில் சென்ட்ரலை அடையும் நீலகிரி எக்ஸ்பிரஸே குழந்தைகளுக்கு உகந்தது. தனிப் படுக்கை கேட்காத வரையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பயணச்சீட்டு தேவையில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அரைக் கட்டணத்தில் பயணச்சீட்டு எடுத்தால் படுக்கை கிடைக்காது; படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். இரவுப் பயணத்தில் இதில் சிக்கனம் பார்த்தால் தூக்கம் போவது நமக்குத்தான். பேருந்தில் செல்பவர்கள், நம் பக்கத்திலிருந்து போகும் பேருந்துகள் இப்போது பெரும்பாலும் நகரின் தென்கோடிக்கும் அப்பாலுள்ள கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகின்றன என்பதையும், களைத்த குழந்தையோடு அங்கிருந்து இன்னொரு நெடும்பயணம் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டுவது வெயில் விஷயத்தில்தான். புதிய வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். நாம் தங்கப்போவதோ மூன்றே நாட்கள். தவிர, குளிரில் வளர்ந்த குழந்தைக்குத் தண்ணீர் கேட்டுக் குடிக்கும் பழக்கம் இருப்பதில்லை. முதல் நாள் காலையில் நான் நிரப்பிக் கொடுத்த எவர்சில்வர் பாட்டில் மாலை வரை அப்படியே இருந்ததையும், மகள் காலையிலிருந்து ஒருமுறைதான் சிறுநீர் கழித்திருக்கிறாள் என்பதையும் அறைக்குத் திரும்பிய பிறகுதான் கவனித்தேன். அதற்குள் அவள் முகம் சிவந்து, பேச்சுக் குறைந்து, மடியில் சாய்ந்துவிட்டாள். ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஈரத்துணியும் மின்விசிறியுமாக அந்த மாலை கழிந்தது. அதன்பின் அரைமணிக்கு ஒருமுறை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், நான்கு மடக்கு என்று கணக்கு வைத்துக்கொண்டோம். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். பன்னிரண்டு மணி முதல் நான்கு மணி வரை அறையில் இருந்துவிடுங்கள். மெல்லிய பருத்தி உடையும் தொப்பியும் போதும். ரயிலில் போட்டுவந்த ஸ்வெட்டரை, குழந்தை எவ்வளவு அடம்பிடித்தாலும், சென்ட்ரலில் இறங்கும் முன்பே கழற்றிவிட வேண்டும்.

வெள்ளி இரவு புறப்பட்டால் சனி, ஞாயிறு, திங்கள் என்று நாட்கள் பொருத்தமாக அமையும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும், கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய்க்கிழமையும் விடுமுறை. 1851-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம். குழந்தையைத் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டின் முன் நிறுத்திவிட்டால் போதும். வண்டலூர் மிகப் பரந்தது, சின்னக் கால்களுக்கு அது பெரும்பாடு. எனவே கிண்டிப் பூங்காவையும் அதன் அருகிலுள்ள பாம்புப் பண்ணையையும் ஒரே காலையில் பார்ப்பதே நல்லது. செம்மொழிப் பூங்காவைத் தாராளமாக விட்டுவிடலாம். ஊட்டி தாவரவியல் பூங்காவில் உருண்டு விளையாடிய பிள்ளைகளுக்கு அங்கே புதிதாக ஒன்றும் இல்லை.

கிண்டிக்கு மெட்ரோவிலேயே செல்லுங்கள். மலை ரயிலின் 16 சுரங்கங்களையும் எண்ணிப் பழகிய குழந்தைக்கு, சென்ட்ரலில் தரைக்கடியில் ஏறி, சைதாப்பேட்டையைத் தாண்டியதும் வண்டி திடீரென வெளிச்சத்துக்கு வந்து வீட்டு மாடிகளுக்கு மேலே ஓடுவது மறக்க முடியாத காட்சி. நகரும் படிக்கட்டில் குழந்தையின் கையைப் பிடித்து, ரப்பர் செருப்பின் ஓரம் மஞ்சள் கோட்டைத் தொடாமல் நடுவில் நிற்கவைக்க வேண்டும். சேலையும் துப்பட்டாவும் இடுப்பில் செருகப்பட்டிருக்க வேண்டும். தூங்கும் குழந்தை தோளில் இருந்தால் லிஃப்ட்தான். வண்டியில் ஏறும்போது ஒரு பெரியவர் முதலில், பிள்ளைகள் நடுவில், இன்னொருவர் கடைசியில் என்ற வரிசையை மாற்றக் கூடாது.

மெரினாவுக்கு நான்கரை மணிக்கு மேல் செல்லலாம். சாலையிலிருந்து அலை வரை மணலில் நடக்க வேண்டிய தூரம் அதிகம் என்பதால் தள்ளுவண்டி உதவாது. அங்கே கடலில் இறங்கிக் குளிப்பது ஆபத்தானது, தடையும் உண்டு. பின்வாங்கும் அலை காலடி மணலை அரித்து, நிற்பவரை உள்ளே இழுக்கும். அணையையும் ஏரியையும் மட்டுமே பார்த்த நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஈர மணலுக்கு இந்தப் பக்கமே நின்று, கையைப் பிடித்தபடி பார்க்கட்டும்.

தினமும் காலையில் புறப்படும் முன், அன்று உடுத்திய உடையோடு குழந்தையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். முன்கையில் உங்கள் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். "அம்மா பேரு அம்மா" என்று சொல்லும் வயதாக இருந்தால், உங்கள் பெயரை ஊரிலேயே சொல்லிப் பழக்குங்கள். வழி தவறினால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்று கத்த வேண்டும் என்பதையும் விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், காவல்துறைக்கு 112.

திரும்பும் இரவில் ஸ்வெட்டரையும் குல்லாவையும் பையின் மேலேயே வையுங்கள். மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் வயிறு நிறைய ஊட்டிவிடாமல், குன்னூர் மலைப்பாதையின் பர்லியார் வளைவுகளைத் தாண்டும் வரை ஓரிரு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொண்டு, ஒரு காகிதப் பையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.