எஸ்டிஆர் கிளாக் கோளாறு: மலையில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

எஸ்டிஆரில், அதாவது மென்பொருளால் இயங்கும் ரேடியோவில், அலைவரிசை நகர்கிறது, இரண்டு ரிசீவர்கள் ஒத்துப்போகவில்லை என்றதும் பலர் ஜிபிஎஸ்டிஓ (ஜிபிஎஸ் நேரத்தை வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் துல்லியமான கிளாக்) என்ன விலை என்று விசாரிக்கப் போய்விடுகிறார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிழை எவ்வளவு, மெல்ல ஏறுகிறதா, திடீரென்று தாவுகிறதா என்று முதலில் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

மெல்ல நகர்ந்தால் முதல் சந்தேகம் வெப்பநிலை மேல்தான். ஜனவரியில் நீலகிரியின் தலைக்குந்தா பக்கம் விடியற்காலையில் புல்மேல் உறைபனி கிடக்கும். மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும். மலிவான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளில் (யுஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்) கிளாக்காக ஓடும் 28.8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இதற்கெல்லாம் ஈடுகொடுக்காது. குளிர்ந்த டாங்கிளைச் செருகிய கையோடு பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பிழை) அளந்து, அந்த எண்ணை மென்பொருளில் நிரந்தரமாக எழுதிவைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. அரை மணி நேரமாவது ஓடவிட்டு அளக்கவேண்டும். 433 மெகாஹெர்ட்ஸில் 20 பிபிஎம் பிழை என்றால் 8.66 கிலோஹெர்ட்ஸ் விலகல். குறுகிய சேனலாக இருந்தால் சிக்னல் வெளியே போய்விடும். எதை வைத்து அளக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கணினியின் நேரத்தோடு சில நிமிடம் ஒப்பிட்டுப் பயனில்லை, அதற்குள்ளும் ஒரு மலிவு கிரிஸ்டல்தானே ஓடுகிறது? பக்கத்து 2ஜி டவரின் அலையை வைத்து அளப்பது மேல். பெரிய டவர்களின் அதிர்வெண் 0.05 பிபிஎம்முக்குள் இருக்கவேண்டும் என்பது விதி.

திடீரென்று தாவினால் கிளாக்கைத் திட்டாதீர்கள். கணினி வேகம் போதாமல் சாம்பிள்கள் (சிக்னலின் அளவீடுகள்) விடுபட்டுப் போயிருக்கும். யுஎஸ்ஆர்பி என்ற எஸ்டிஆர் பெட்டியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, அதற்கு அடையாளமாகத் திரையில் ஆங்கில ‘ஓ’ வரிசையாக ஓடுவது தெரிந்திருக்கும். சாம்பிள் வேகத்தைக் குறைத்தும் தாவல் நிற்கவில்லை என்றால்தான் மற்றதைத் தேடவேண்டும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம், 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸை (பெட்டிகளின் கிளாக் பின்பற்றும் பொதுவான அலை) இரண்டு பெட்டிகளுக்கும் கொடுத்துவிட்டால் எல்லாம் ஒத்துப்போய்விடும் என்ற நம்பிக்கை. ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு கைக்கடிகாரங்கள் வேறு வேறு மணியைக் காட்டலாம் அல்லவா? 10 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை மட்டும் ஒன்றாக்கும். நேரத்தை ஒன்றாக்க நொடிக்கு ஒன்று வரும் பிபிஎஸ் துடிப்பு வேண்டும். இரண்டும் இருந்தாலும் ஃபேஸ் (அலை தன் சுற்றில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது) தானாகப் பொருந்தாது. ட்யூன் செய்யும் ஒவ்வொரு முறையும் உள்ளே அலைவரிசையை உருவாக்கும் பிஎல்எல் சுற்று வேறொரு ஃபேஸில் வந்து நிற்கலாம். சின்ன நேரப் பிழையும் எவ்வளவு பெரிது என்பதற்கு ஓர் உதாரணம்: ஊட்டி அருகே முத்தோரையில் மலைச்சரிவோடு சரிவாக 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ரேடியோ தொலைநோக்கி 1,056 டைபோல் ஆண்டெனாக்களின் சிக்னலைச் சேர்க்கிறது. அது கேட்கும் 326.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு நானோ நொடிப் பிழை கிட்டத்தட்ட 118 டிகிரி ஃபேஸ். சாதாரண கோஆக்சியல் கேபிளில் ஒரு மீட்டர் கூடினாலே ஏறக்குறைய 5 நானோ நொடி தாமதம். மொட்டை மாடியில் இரண்டு ஆண்டெனா வைத்து இண்டர்ஃபெரோமீட்டர் (இரண்டின் சிக்னலையும் சேர்த்து ஒப்பிடும் கருவி) கட்டும் மாணவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு கேபிள் வெட்டுவது நல்லது. பொதுவான ஒரு சிக்னலை இரண்டு ரிசீவர்களுக்கும் கொடுத்து, வித்தியாசத்தை அளந்து கழித்துவிடுங்கள். மறுபடி ட்யூன் செய்தால் மறுபடி அளக்கவேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் குறுக்குவழி இல்லை.

நேரத்தில் சரியாக 1 நொடி வித்தியாசமா? பிபிஎஸ் துடிப்பு வரும் தறுவாயில் நேரத்தை எழுதச் சொல்லியிருப்பீர்கள். ஒரு பெட்டி அந்தத் துடிப்பையும் இன்னொன்று அடுத்ததையும் பிடித்திருக்கும். ஒரு துடிப்பு கடந்து போகும்வரை காத்திருந்து கட்டளை கொடுங்கள். சரியாக 18 நொடி என்றால் ஒரு பக்கம் ஜிபிஎஸ் நேரம், மறுபக்கம் யுடிசி (உலகப் பொது நேரம்). 2017 முதல் இடைவெளி அவ்வளவுதான்.

ரெஃபரன்ஸைச் செருகிவிட்டோம், கிளாக் அதைப் பிடித்து லாக் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வதும் வேண்டாம். வெளி ரெஃபரன்ஸ் வராவிட்டாலும் பல பெட்டிகள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும், லாக் சென்சாரைக் கேட்டால்தான் சொல்லும். ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற எஸ்டிஆர், பெறுதலோ அனுப்புதலோ தொடங்கும்போது மட்டுமே வெளி கிளாக்குக்கு மாறும். நடுவில் கேபிள் மாட்டினால் பயனில்லை. அதற்கு வேண்டியதும் 0 முதல் 3.3 வோல்ட் வரையிலான சதுர அலை. ஜிபிஎஸ்டிஓவின் சைன் அலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் என்பதால் அப்படியே கொடுப்பது ஆபத்து. டி கனெக்டர் போட்டு மூன்று நான்கு பெட்டிகளுக்குப் பிரிப்பதும் கூடாது, அளவு குறையும், எதிரொலிப்பும் வரும். டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபையர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஜிபிஎஸ் ஆண்டெனா. குன்னூர், கோத்தகிரிச் சரிவு வீடுகளில் ஜன்னலோரம் வைத்தால் பாதி வானத்தை மலை மறைக்கும்; மீதியைத் தகரக் கூரையும் நனைந்த கற்பூர மரமும் பார்த்துக்கொள்ளும். மூடுபனியால் பெரிய பாதிப்பு இல்லை. மாடி உச்சியில் வைத்தும் மார்ச், செப்டம்பர் ஒட்டிய மாதங்களில் பொழுது சாய்ந்தபின் லாக் விட்டு விட்டுப் போனால் கேபிளைப் பிரிக்காதீர்கள். காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால், சூரியச் செயல்பாடு கூடிய ஆண்டுகளில் இங்கே அயனி மண்டலம் அந்த நேரத்தில் ஜிபிஎஸ் சிக்னலைச் சிதறடிப்பது வழக்கம். ஜிபிஎஸ்டிஓ ஹோல்டோவரில் (ஜிபிஎஸ் இல்லாமல் தன் கிரிஸ்டலை நம்பி ஓடும் நிலையில்) போகிறதா என்று பார்த்துவிட்டு, அந்த நேரத்துத் தரவில் ஒரு குறி போட்டு வையுங்கள்.